ஏட்டு நல்லப்பனைக் கொல்லச் சொன்னார்கள்

அண்ணா,

காற்று திரும்பிவிட்டது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைப் பக்கமிருந்து அந்தப் புளித்த வாடை மறுபடியும் ஜன்னல் வழியாக வருகிறது. இந்த வாடை வந்தால் உங்கள் நினைப்பும் கூடவே வந்துவிடும். என் முதல் துப்பறியும் கதையில் அந்த மாதிரி ஆலையின் கிழங்குப்பால் தொட்டிக்குள் ஒரு பிணத்தைப் போட்டிருந்தேன். "கொலகாரனுக்கு மூக்கே கெடையாதுங்களா அம்மிணி? அந்தப் பக்கம் போறவனே துண்டுல மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் போறான்" என்று கேட்டீர்கள். ஜன்னலைச் சாத்தப் போனவள், சாத்தாமல் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அசதியாக இருக்கிறது அண்ணா. கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது, அதெல்லாம் பழகிவிட்டது. ஆட்களைக் கொன்று கொன்றுதான் அலுத்துவிட்டது. எருமப்பட்டியில் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், வெண்ணந்தூரில் தறி முதலாளி ஒருவர், மலையடிவாரத்தில் பாவம் ஒரு பலாப்பழ வியாபாரி. புத்தகத்துக்கு ஓர் உயிர். ரத்தம் காட்டமாட்டேன். முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஆள் செத்திருப்பார். பிறகு நம் ஏட்டு நல்லப்பன் மொபெட்டில் வந்து இறங்குவான். துப்பாக்கி கிடையாது, ஓட்டம் கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்து ஊர்ப்பேச்சைக் கேட்டே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவான். என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் வராமல் இருந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவன் அவன்தான்.

போன மாதம் சென்னையிலிருந்து பதிப்பாளர் போன் செய்தார். "மேடம், வரிசையை ஒரு நல்ல முடிவோட முடிச்சிடலாம். கடைசிப் புத்தகத்துல நல்லப்பனையே கொன்னுடுங்க. வாசகர்கள் அழுதுக்கிட்டே வாங்குவாங்க" என்றார். முடியாது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. சரிங்க, பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நீங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னது ஞாபகம் வந்தது.

நீங்கள் அப்போது ஓய்வு பெற்ற ஏட்டு, எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தீர்கள். முதல் புத்தகம் வந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம் பக்கத்துக்கு இடையில் விரலை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றீர்கள். முகத்தில் சிரிப்பு இல்லை. பிணம் கிடந்த தொட்டியைப் பற்றிக் கேட்டதெல்லாம் பிறகுதான். முதலில் கேட்டது இதை.

"ஏனுங்க அம்மிணி, எழவு ஊட்டுல விசாரிச்சுட்டுக் கெளம்பறப்போ உங்க ஏட்டு கையெடுத்துக் கும்புட்டு 'வாரேனுங்க'ங்கறான். எந்த ஊர்லீங்க அப்படிச் சொல்லுவாங்க?"

எனக்கு முகம் செத்துவிட்டது. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் கடைக்குப் போனாலும், பேங்குக்குப் போனாலும், சண்டை போட்டுவிட்டுத் திரும்பினாலும் 'வாரேனுங்க' என்று சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. பேனாவும் அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டது. புத்தகம் அச்சாகிக் கடைக்கும் போய்விட்டது.

"போவுது விடுங்க" என்றீர்கள். "இதையே அடுத்த கதைக்கு வெச்சுக்கோங்க. நானெல்லாம் எழவு ஊட்டுல யாரு அழுவறாங்கன்னு பாக்கமாட்டனுங்க. யாரு எப்படிக் கெளம்பறாங்கன்னுதான் பாப்பேன். மனசுல பயம் இருக்கறவனுக்கு வாய் அதும்பாட்டுக்குப் பேசும்."

இரண்டாவது புத்தகத்தில் கொலைகாரன் அப்படித்தான் மாட்டினான். துக்க வீட்டு வாசலில் 'வாரேனுங்க' என்று சொல்லிவிட்டான். அதுதான் நன்றாக விற்றது. அதன் பிறகு எதை எழுதினாலும் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். உங்கள் வீட்டுக்கார அக்காவுக்கு எழுத்து தெரியாது என்பதால் நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டுவீர்கள். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டு, பாதிக் கதையிலேயே கொலைகாரன் இவன்தான் என்று சொல்லிவிடுவார். உங்களுக்குக் கோபம் வரும். "போலீஸ்காரன் நானா நீயா?" என்பீர்கள்.

ஒரு முறை, உங்கள் சர்வீஸில் இந்த மாதிரி எத்தனை கேஸ் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை என்றீர்கள். "நெசத்துல யாரு கொன்னாங்கன்னு அன்னிக்கே தெரிஞ்சுருமுங்க. ஏன் கொன்னாங்கன்னுதான் கடைசி வரைக்கும் தெரியாது" என்று சொன்னீர்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது பாதியாகிப் போயிருந்தீர்கள். அப்போதும் கேலிதான். "சாவறதுக்கு ஆள் கெடைக்கலீன்னா என்னைய எழுதிக்கோங்க. நல்லப்பனை மட்டும் ஒண்ணும் பண்ணீராதீங்க சாமி. அவன் பாட்டுக்குச் சுத்திக்கிட்டிருக்கட்டும்." நான் சிரித்தேன். கிளம்பும்போது வாரேனுங்கண்ணா என்றேன். வாங்க என்றீர்கள்.

அடுத்த முறை நான் வந்தது உங்கள் துக்கத்துக்கு. பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் கையைப் பிடித்தபடியே இருந்தார். எழுந்தபோது அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் அந்த வீட்டை விட்டு நான் ஒரு நாளும் கிளம்பியதில்லை. விழுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தேன். அது இன்னும் செரிக்கவில்லை அண்ணா.

இருந்தும் பதிப்பாளர் கேட்ட அத்தியாயத்தை எழுதத்தான் செய்தேன். அதில் அடிவாரச் சாலையில் ஒரு பாலத்தோரம் நல்லப்பனின் மொபெட் சாய்ந்து கிடந்தது, தொப்பி தனியாகக் கிடந்தது. நன்றாகவே வந்திருந்தது, அதுதான் எரிச்சல். எழுதி முடித்த மறுநாள் அக்கா ஒரு தூக்குப் பாத்திரத்தில் கம்மங்கூழ் கொண்டு வந்தார்.

"அடுத்த பொஸ்தகம் எப்பங்க அம்மிணி வரும்?" என்றார். "இப்ப மருமவதான் படிச்சுக் காட்டறா. கேக்கறப்போ எங்கூட்டுக்காரரு டூட்டிக்குப் போயிருக்கறாப்பலயே இருக்குதுங்க. சாயங்காலம் வந்துருவாருன்னு தோணும்."

அவர் போன பிறகு அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். பதிப்பாளரைக் கூப்பிட்டு, கொல்லமாட்டேன் என்றேன். அப்படியானால் அவர்கள் புத்தகம் போடமாட்டார்களாம். சரிங்க என்றேன். இத்தனை வருடத்தில் அந்த மனிதரிடம் நான் தெம்பாகச் சொன்ன ஒரே 'சரிங்க' அதுதான். இனி யார் போடுவார்கள், போடுவார்களா என்பதே தெரியவில்லை. அசதியும் அப்படியேதான் இருக்கிறது.

கடைசி அத்தியாயத்தை வேறு மாதிரி எழுதினேன். கொலைகாரன் பிடிபட்டுவிடுகிறான். நல்லப்பன் ஒரு வீட்டில் டீ குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, தொப்பியை மாட்டிக்கொண்டு மொபெட்டை உதைக்கிறான். 'வாரேனுங்க' என்கிறான். துக்க வீடு இல்லை, அதனால் அவன் சொல்லலாம். அதற்குக் கீழே முற்றும் என்று நான் போடவில்லை. கையெழுத்துப் பிரதியை, நீங்கள் இருந்தபோது செய்ததுபோலவே, முதலில் உங்கள் வீட்டில் கொடுத்தேன்.

நேற்று உங்கள் மருமகள் வந்து சொன்னாள். அவள் அந்தக் கடைசி வரியைப் படித்தபோது அக்கா அடுப்படியில் இருந்தாராம். தலையைத் திருப்பாமல், கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், அங்கிருந்தபடியே சொன்னாராம்:

"போயிட்டு வாங்க."