புரட்டாசி வரட்டும் என்றேன்

என் ஆசை ஸ்டெல்லா அக்காவுக்கு,

மந்தைவெளித் தெருமுனையில் உன் இடத்தில் இப்போது தேவி என்கிற பெண் கூடை வைக்கிறாள். நல்ல பெண்தான். ஆனாலும் அவள் அங்கே மணையைப் போட்டு உட்காரும்போதெல்லாம் எனக்கு எரிகிறது.

இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றோம். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து என் மாத்திரை உன் சுருக்குப்பையில்தான் இருந்தது. ஆட்கள் நிற்கும்போதே, "இன்னாடி கஸ்தூரி, துன்னியா? மாத்திரை போட்டியா?" என்று கத்துவாய். என் மானம் போகும். சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் டீக்காரரை என் பக்கமே விடமாட்டாய். "நீ போய்ட்டு வா, கூடையை நான் பாத்துக்கறேன்" என்பாய். வீட்டில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை அக்கா. நான் மாத்திரை போடுவதே என் புருஷனுக்குத் தெரியாது.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். கறி தொடாத உங்கள் கோயில் ஜனமெல்லாம் மீனுக்கு வர, வெள்ளிக்கிழமை வியாபாரம் சூடாக இருந்த நேரம். சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டே சொன்னாய்: "மார்ல கட்டி மாதிரி ஒண்ணு கீதுடி. தனியா போய் காட்ட கூச்சமா கீது. நீ கூட வர்றியா?"

நான் என்ன சொன்னேன்? "ரெண்டு பேரும் போய்ட்டா கூடையை யாருக்கா பாக்கறது? புரட்டாசி வரட்டும்."

நாம் எல்லாருமே அப்படித்தானே? புரட்டாசியில் பாதி ஜனம் மீன் தொடாது, வியாபாரம் படுத்துவிடும் என்று பல்வலி, முட்டிவலி எல்லாவற்றையும் அந்த மாதத்துக்கு ஒதுக்கி வைப்போம். நீயும் தலையாட்டினாய். அப்புறம் வாயே திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை, "அது எப்படிக்கா இருக்கு?" என்று நான் கேட்டிருக்கக் கூடாதா? என் மாத்திரையை நீ ஒரு நாளும் மறக்கவில்லையே!

ஆறேழு மாதம் கழித்து, புரட்டாசியில் போனோம். டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்றார். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "வேலை இருந்துச்சும்மா" என்றாய். கிறிஸ்துமஸுக்கு நீ இல்லை.

இதோ மறுபடி தவக்காலம். என் மாத்திரை எந்த மூலையில் கிடக்கிறதோ, தேடவில்லை. கால் விரலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. இருக்கட்டும். திட்ட நீ இல்லையே, யாருக்குப் பயந்து பார்த்துக்கொள்வேன்?

நேற்று தேவி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து நாளாக ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"தனியா எப்டிக்கா போறது? கூடை வேற கீது. புரட்டாசில பாத்துக்கலாம்."



நாளைக் காலை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் அக்கா, உன்மேல் சத்தியம். ரெண்டு கூடையையும் தார்ப்பாயால் மூடிவிட்டுப் போவோம். நாறினால் நாறட்டும், பூனை தின்றால் தின்னட்டும்.

இவ்வளவுதான் அக்கா. ஒரு தார்ப்பாய். அன்றைக்கும் அது என் காலடியில்தான் கிடந்தது.

உன் பக்கத்துக் கூடைத் தங்கச்சி,
கஸ்தூரி