தொப்புளைச் சுற்றிப் பெருங்காயம்

மதினி,

காலிப் பெருங்காய டப்பா என்று ஆட்களைத்தான் கேலி பேசுவோம். நம் வீட்டில் நிஜமாகவே ஒன்று இருக்கிறது. நீங்கள் கடைசியாக வாங்கியது. சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடி போட்டு அடுப்படித் தட்டில் வைத்திருக்கிறேன். இன்று காலையில் திறந்து பார்த்தேன். வாசனை போகவே இல்லை. உங்கள் விரல்களின் வாசனையும் அதுதான். இதை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்று உங்கள் தம்பி கேட்கிறார். பதில் சொல்லத் தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் பிள்ளை கதிருக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும், சேரன்மகாதேவி வீட்டைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்கு, தம்பி வீட்டில் எங்களோடு இருக்க வந்தீர்கள். அவனுக்குப் பேச்சு வரவில்லை. கட்டில் விளிம்பில் வயிற்றை வைத்து அழுத்திக்கொண்டு, கையைக் கடித்துக்கொண்டு அலறுவான். பிடிவாதம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் வந்த புதிதில் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏளா, இங்கன வந்து பாரு. பிள்ள சேட்ட பண்ணல. வயித்த அமுக்குதான். அவனுக்கு எங்கயோ வலிக்கி."

டாக்டர் சோதித்துப் பார்த்தார். மலச்சிக்கல் ஒரு பக்கம், கோதுமை ஒவ்வாமை ஒரு பக்கம். கோதுமையை நிறுத்துவதால் ஆட்டிசம் போய்விடாது, வாயைச் சுற்றி வருகிற தடிப்பும் வயிற்று உபத்திரவமும் குறையும், அவ்வளவுதான் என்று தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் சொந்தக்காரர்கள் விடவில்லை. ஒருத்தர் பாலை நிறுத்து என்பார், இன்னொருத்தர் பாலை மட்டும் கொடு என்பார். போனை வைத்த பிறகு எனக்குத் தலை சுற்றும்.

நீங்கள் குழம்பவில்லை. ரவை, மைதா, சேமியா எல்லாம் அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போயின. நம் பக்கத்தில் யார் வீட்டுக்கு வந்தாலும் கையில் கோதுமை அல்வாப் பொட்டலம் இருக்கும். "பிள்ளைக்குக் காட்டாதிய. இங்க தாங்க, நான் திங்கேன்" என்று வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவீர்கள். உதட்டில் நெய் மினுங்க இறங்கி வருவீர்கள். "பிள்ளைக்காவ எம்புட்டுக் கஷ்டப்படுதேன் பாத்தியா" என்பீர்கள். வாய் கொப்பளித்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அவனைத் தொடுவீர்கள்.

அவன் கட்டிலில் வயிற்றை அழுத்தினால் உங்களிடம் ஒரே வைத்தியம். பெருங்காயப் பொடியை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவீர்கள். ரசச் சோற்றிலும் தாராளமாகப் போடச் சொல்வீர்கள். "இருய்யா, வாயு பைய இறங்கிரும்" என்பீர்கள். அவனும் அடங்கிவிடுவான். யாரையும் தொடவிடாத பிள்ளை, உங்கள் விரலுக்கு மட்டும் சட்டையைத் தூக்கிக் காட்டினான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனாலும் வாயைச் சுற்றித் தடிப்பு வருவது நிற்கவில்லை. "நீதான் என்னத்தையோ போட்டுட்ட" என்று என்மேல் பாய்வீர்கள். "கத்திரிக்காதான் மதினி போட்டேன்" என்பேன். கத்திரிக்காயை நிறுத்தினோம். தேங்காயை நிறுத்தினோம். சோப்பை மாற்றினோம். பாவம், கொசுவைக்கூடச் சந்தேகப்பட்டோம்.

ஐப்பசி மழையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. காரியம் எல்லாம் முடிந்து கதிரை டாக்டரிடம் கூட்டிப் போனபோது, அன்றாடம் என்ன சமைக்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரசம் வரைக்கும் வந்தேன்.

"பெருங்காயம் கட்டியா, பொடியா? அதுல கோதுமை மாவு கலப்பாங்களே, டப்பாவப் பாக்கலியாம்மா?"

அல்வாவை மாடிக்குக் கொண்டுபோய்த் தின்ற மனுஷி, கோதுமையைப் பிள்ளையின் தொப்புளில் தடவியிருக்கிறீர்கள்! நானும் நாள் தவறாமல் ரசத்தில் போட்டிருக்கிறேன். கோபப்படலாம் என்றால் அழுகை வருகிறது. அழலாம் என்றால் அந்த நெய் மினுங்கும் உதடு ஞாபகம் வந்து சிரிப்பு வருகிறது. உங்கள் தம்பியிடம் சொன்னேன். "அக்காவுக்குத் தெரியாமப் போனதே நல்லது" என்றார். நல்லதா? தெரிந்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாமே மதினி.

பெருங்காயத்தை நிறுத்திய பிறகு தடிப்பு வரவில்லை. வயிற்று வலி மட்டும் குறைந்திருக்கிறதே தவிர, போகவில்லை. அப்படியானால் நீங்கள் செய்தது வைத்தியமா, கெடுதலா? உங்கள் கைக்கு அவன் அடங்கியது பொய்யில்லையே, நான் கண்ணால் பார்த்தேனே.

போன மாதம் ஒருநாள், கதிர் ஸ்டூலைப் போட்டு ஏறி இந்தக் காலி டப்பாவை எடுத்து வந்தான். என் கையில் வைத்தான். பிறகு சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றான். எங்கே வலிக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டர் தந்த மருந்தைக் கொடுத்தேன். சரியானது. அதிலிருந்து வலித்தால் டப்பாவோடு வந்துவிடுகிறான். கட்டில் விளிம்புக்குப் போவதில்லை.

ஆனால் சில நாட்களில், நன்றாகச் சாப்பிட்டு, வயிறு இளக்கமாக இருக்கும்போதும் எடுத்து வருகிறான். சட்டையைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் உங்கள் அறை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வயிறு வலிக்கிறதா, உங்களைத் தேடுகிறானா, எனக்குத் தெரியவில்லை மதினி. டப்பாவைத் திறந்து அவனுக்கு மோந்துபார்க்கக் கொடுத்துவிட்டு, வெறும் விரலால் தொப்புளைச் சுற்றித் தடவுகிறேன். இப்போது எனக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான்.