கொதித்தும் திரியாத புரதம்

மட்டாஞ்சேரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கைநடுக்கம் குறைந்திருக்கிறதா?

நேற்று ஆய்வகத்தில் எனக்கு வேலை கற்றுத்தரும் மஞ்சுஷா சேச்சி புரதக் கரைசலைக் கொதிநீரில் வைக்கச் சொன்னார். முட்டைபோல் வெந்து கெட்டுவிடும் என்று தயங்கினேன். "பேடிக்கண்ட மோளே, வச்சு நோக்கு," பயப்படாமல் வைத்துப் பார் என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். மற்ற புரதங்கள் திரிந்து அடியில் தங்கின. ஒன்று மட்டும் தெளிவாகக் கரைந்தே நின்றது. அதற்கு நிலையான வடிவம் கிடையாது, அதனால் குலையவும் ஒன்றுமில்லை. சேரும் இடத்துக்கேற்ப வளைந்துகொள்கிறது. பார்கின்சன் நோயில் மூளைக்குள் திரண்டு உங்கள் கையை ஆட்டுவதும் இதுதான் அப்பா. ஆனாலும் இதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வியப்புதான் வருகிறது.

வத்தக்குழம்புப் பொடி அனுப்புங்கள். முகவரியை அம்மா எழுத வேண்டாம், நீங்களே எழுதுங்கள். கோணல் எழுத்தில் ஒரு பொட்டலம் வரும் என்று தபால்காரர் ஷாஜி சேட்டனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆய்வகத்துக்குப் போகும் படகு வந்துவிட்டது, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

பொன்மணி