தி.நகரா, தாம்பரமா

மே 9, சனி. குன்னூர்.

அடுத்த வாரம் சென்னைக்குப் போகிறோம். கல்யாணமாகிப் போன பிறகு மகள் நஸ்ரினை இப்போதுதான் பார்க்கப் போகிறேன். தாம்பரத்தைத் தாண்டி, மாமனார் மாமியாரோடு சின்ன வீட்டில் இருக்கிறாள். அங்கே நாங்கள் தங்க இடமில்லை.

எங்கள் துணிக்கடைக்குச் சரக்கு எடுக்க வசதி என்று இவர் தி.நகரில் ரூம் போடப் பார்த்தார். எனக்கோ தாம்பரம் பக்கம் தங்கத்தான் ஆசை. பக்கத்தில் வந்து தங்கச் சொல்லி அவளே கூப்பிடட்டும் என்றிருந்தேன்.

சாயங்காலம் போன் செய்தாள். "தி.நகர்லயே தங்குங்கம்மா, உங்களுக்கு எல்லாமே பக்கம்."

"சரி கண்ணு" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வேலையும் ஓடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "அம்மா, இங்க ஸ்டேஷன்கிட்ட ஒரு லாட்ஜ் இருக்குது. அதுல தங்குறீங்களா? ஆபீஸ் போறதுக்கு முன்னால வந்து உங்க பக்கத்துல கொஞ்சம் படுத்துக்குறேன்."

இவரிடம் போனேன். "ஏனுங்க, தாம்பரத்துலயே ரூம் போட்டுருங்க."

என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் போட்டுவிட்டார்.

சென்னையில் வெயில் கொளுத்துகிறதாம். இருந்தாலும் அவள் இங்கே போர்த்திப் படுத்த கம்பளியைப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.