குட்டிக்கு வந்த வளையல்

சனிக்கிழமை இரவு, பிரிக்பீல்ட்ஸ்

பழைய பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி ஆசோவின் மகள் மெய் இன்று கிள்ளானிலிருந்து வந்திருந்தாள். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பட்டறைமீது குண்டு விழுந்தபோது, எங்களைத் தன் வீட்டுப் பதுங்குகுழிக்குள் இழுத்துக்கொண்டவள் அந்த ஆசோ. மெய் அதற்குப் பிறகு பிறந்தவள். தமிழை இன்னும் மறக்கவில்லை.

"அக்கா, உங்கள்ல யாரு குட்டி? எங்கம்மா சாகுற வரைக்கும் குட்டி, குட்டின்னுதான் சொன்னாங்க லா. குழிக்குள்ள மடியிலயே வெச்சிருந்தாங்களாம்."

என் தங்கை கமலா முந்திக்கொண்டாள். "நான்தான் இந்த வீட்டுக்கே குட்டி!"

மெய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆசோவின் பச்சைக்கல் வளையலை அவள் கையில் வைத்தாள். எனக்கு ஒரு டின் பிஸ்கட்.

குண்டு விழுந்த அன்று கமலா, எங்கள் அம்மாவின் தோளில் கிடந்த கைக்குழந்தை. அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். நான்கு வயதுக் குட்டி நான். ஆசோ மரவள்ளிக்கிழங்கை ஊதி ஊதி ஊட்டியது என் வாயில். அந்தப் பெயர் கமலாவுக்குப் போனது பிற்பாடு, நான் கான்வென்டில் சேர்ந்த பிறகுதான்.

விருந்தாளியை எதிரில் வைத்துத் திருத்துவது அழகல்ல. பிஸ்கட்டுக்கு நன்றி சொன்னேன்.

மெய் போனபின் கமலா வளையலை நீட்டினாள். "என் கையில ஏற மாட்டேங்குது அக்கா. நீ போட்டுக்கிறியா?"

"குட்டிக்குக் கொடுத்தது குட்டிகிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

சரி என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவள் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.