நெல்லுக்குருவியின் புள்ளிகள்

மாசி பதினெட்டு, வெள்ளி இரவு.

கட்டையா, காய்ச்சலில் கண்ணை மூட முன்னம் நீ கடைசியாகப் பிடித்த நெல்லுக்குருவிப் படத்தை நான் கெடுத்துவிட்டேன் மகனே.

தூரத்து வயல் வட்டையில் இருந்த குருவியை நீளக் குழல் கமராவால் எடுத்தாய். பெரிதாக்கினால் மணல் தூவினது போல் படமெல்லாம் புள்ளி. டவுனில் படக்கடைக்காரரிடம் படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கொடுத்து, "புள்ளியெல்லாம் எடுத்துத் தாங்க தம்பி" என்றேன்.

இன்று சிரித்துக்கொண்டு படத்தை நீட்டினார். "பாருங்க அக்கா, ஒரு புள்ளி இல்ல. தகட்டிலேயே மை வெச்சு அடைச்சிட்டன்."

குருவியின் நெஞ்சுப் புள்ளிகளும் போய்விட்டன. "அது குருவிட புள்ளி தம்பி" என்றேன்.

"நீங்கதானே அக்கா எல்லாத்தையும் எண்டீங்க?"

அவரில் பிழையில்லை. ஊறின மையை இனி எடுக்க ஏலாதாம். பென்சிலால் நானே புள்ளி வைக்கப் பார்த்தேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தக் குருவிக்கு நெஞ்சில் எத்தனை புள்ளி, கட்டையா?