விட்டுப்போன தெரு

மார்ச் 3, செவ்வாய்

கட்சி அலுவலகத்தில் கூட்டம். அலுவலகம் என்றால் டயர் கடைக்கு மேலே ஒரு அறை, ஒன்பது நாற்காலி. அதில் இரண்டு, உட்கார்ந்தவரைக் கவிழ்த்துவிடும். மேலிடத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். போன இரண்டு நகரசபைத் தேர்தலிலும் நம் வார்டில் நாம் ஏன் தோற்றோம் என்று கண்டுபிடித்துவிட்டாராம். மக்களும் நாமும் மதிக்கிற விஷயங்கள் ஒன்றுதான், அதைப் பேச மறந்துவிட்டோமாம்.

அதற்கு ஒரு படிவம். குடும்பம், உழைப்பு, நியாயம், பாதுகாப்பு, சுதந்திரம். வாக்காளர் இந்த ஐந்தையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த வேண்டும். ஆளுக்கு ஐம்பது வீடு. "வாதாடாதீங்க, கேளுங்க, அது போதும்" என்றார். பதினாறு வருடமாகத் தெருத் தெருவாக அலைகிற எனக்கு, கேட்பது எப்படி என்று வகுப்பு! செயலாளர் அண்ணன் குறிப்பு வேறு எடுத்துக்கொண்டார்.

மார்ச் 7, சனி

நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனேன். பதினோரு வீடு. ஒரு அம்மா ஐந்துக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று போட்டுக் கொடுத்துவிட்டு, "எதை விட்டாலும் பாவம்ல?" என்கிறார். அடுத்த வீட்டு மனிதர் சுதந்திரத்தை முதலில் போட்டவர், உள்ளே மனைவியின் குரல் கேட்டதும் படிவத்தைத் திரும்ப வாங்கி அதை அடித்துவிட்டுக் குடும்பத்தைப் போட்டார். மூன்றாவது வீட்டில், நான் கண் பரிசோதனைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார் ஒருவர். திருகு தளர்ந்திருந்தது. முடுக்கிக் கொடுத்தேன். இன்று நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

வீட்டுக்காரர், "எனக்கும் ஒரு படிவம் குடு, சாப்பாடுன்னு ஆறாவதா எழுதித் தரேன்" என்றார். மணி எட்டு ஆகியும் நான் அடுப்புப் பக்கம் போகவில்லை என்பதைச் சொல்லிக்காட்டுகிற அழகு அது.

மார்ச் 8, ஞாயிறு

பதினான்கு வீடு. கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை.

மார்ச் 14, சனி

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

பயிற்சியாளர் அரசாங்கத்தின் வாக்காளர் பட்டியலையும் நம் வீட்டுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கிடங்குக்குப் பின்னாடி ஒரு தெரு இருக்கே, முப்பத்திநாலு வீடு, எண்பத்தெட்டு ஓட்டு. உங்க பட்டியல்ல அந்தத் தெருவே இல்லையே?"

"அது வேஸ்டுங்க. அவங்க நம்மளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்குவாங்க. திமிர் பிடிச்ச தெரு" என்றார் அண்ணன். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

"கடைசியா யார் போனீங்க?"

ஒருத்தருக்கும் தெரியவில்லை. பீரோவிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்தார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தைய நோட்டைப் பார்த்துத்தான் புது நோட்டு எழுதுவோம், அதுதான் வழக்கம். போன தடவை நோட்டில் தெருவே இல்லை. அதற்கு முந்தையதில் தெருப் பெயருக்கு எதிரே "வேண்டாம்" என்று மட்டும். அதற்கும் முந்தையதில், பன்னிரண்டு வருடம் பழையதில், முழு வாக்கியமும் இருந்தது: "குழாய் போடத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு வேண்டாம்."

எழுத்து என்னுடையது.

பக்கத்தில் இருந்தவர், "எவனோ எழுதித் தொலைச்சிருக்கான்" என்றார். நான் அதற்கும் தலையாட்டினேன். சீ.

மார்ச் 15, ஞாயிறு

தூக்கம் இல்லை. அந்தத் தெருவில்தான் நெட்டை இருக்கிறாள்.

கட்சிக்குள் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் வந்தோம். வீடு வீடாகப் போகும்போது "நெட்டையும் குட்டையும் வருது" என்று கதவைத் திறப்பார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தத் தேர்தலின்போதுதான் அவள் வருவதை நிறுத்தினாள். தன்னை வேட்பாளராக்கவில்லை என்று கோபம், அதுதான் போய்விட்டாள் என்று அண்ணன் சொன்னார். நம்பினேன். அவள் கணவர் இறந்த செய்தி இரண்டு மாதம் கழித்துத்தான் காதுக்கு வந்தது. இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்று ஒரு மாதம் தள்ளினேன். பிறகு, அவள் ஏன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. வெட்கத்தைவிடக் கோபம் சௌகரியமாக இருந்தது போலிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் உள்ள எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் கட்சியிலிருந்து மலர்வளையத்தோடு நாலு பேர் போவோம். ஓட்டுப் போடாத வீட்டுக்கும் போவோம். பட்டியலில் இருந்தால் போதும். அவர் இறந்தது, நான் அந்த வரியை எழுதிப் பத்தொன்பதாவது நாள்.

மார்ச் 19, வியாழன்

போனேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். தலை நரைத்திருக்கிறது. மருத்துவமனையில் துணி வெளுக்கும் பிரிவில் வேலையாம், சீருடையில் இருந்தாள்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

உங்களுக்கு! சொல்ல வந்தது எல்லாம் மறந்துபோய், பைத்தியக்காரி மாதிரி படிவத்தை நீட்டிவிட்டேன். என்னை எதால் அடிப்பது? வாங்கிப் படித்தாள். "இதுல பஸ்ஸை எங்க எழுதறது?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

மறுபடி போனேன், படிவம் இல்லாமல். கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டேன்: பட்டியலிலிருந்து தெருவை அடித்தது நான்தான். குழி மூடியதும் திரும்பச் சேர்த்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். அவர் போனது தெரிந்த பிறகும் நான் வராதது மறதி இல்லை, கோழைத்தனம்.

பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "அவர் போனப்ப வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன்டி! எதிர்க்கட்சிக்காரன்கூட வந்தான். நீ வருவ, நீ வருவன்னு மூணு நாள் பாத்தேன். நான் சீட்டுக் கேட்டு சண்டை போட்டேன்னு ஊரெல்லாம் பேச்சு. நீயும் நம்பின இல்ல?"

நம்பினேன் என்றேன். திட்டட்டும், இன்னும் திட்டட்டும் என்றிருந்தது. அந்த "உங்களுக்கு"வுக்கு இது எவ்வளவோ மேல்.

கோபம் தணிந்த பிறகு பஸ் கதையும் வந்தது. நிறுத்தத்தைத் தூக்கிச் சந்திப்புக்குக் கொண்டுபோய் நாலு வருடம் ஆகிறது. தெருவில் பாதிப் பேருக்கு மருத்துவமனையில் காலை ஷிப்ட், தினமும் முக்கால் மைல் நடை. ஐந்து நிமிடம் தாமதித்தால் அரை நாள் சம்பளம் போச்சு. நான்கு மனு கொடுத்தும் பதில் இல்லை. உழைக்கிறவர்களின் நேரத்துக்கு மரியாதை வேண்டும் என்றுதானே நாங்கள் இரண்டு பேரும் இந்தக் கட்சிக்கு வந்தோம்? அவள் கட்சியை விட்டும் அதை விடவில்லை. நான் கட்சியில் இருந்துகொண்டு நோட்டுப் பார்த்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

உள்ளே வா என்று மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

போக்குவரத்து அலுவலகத்தில் அலைந்து நேரம் வாங்கிவிட்டேன். 21ஆம் தேதி, காலை பதினொன்று. தேர்தலுக்கு அப்புறம்தான் கிடைத்தது. தெருக்காரர்களோடு நானும் வருகிறேன் என்று நெட்டையிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றாள்.

அலுவலகத்தில் அண்ணனோடு சண்டை. பஸ் நிறுத்தத்தை நாம் கொண்டுவந்துவிட்டதாகவே நோட்டீஸ் அடிக்க வேண்டுமாம். "இன்னும் ஒரு கம்பிகூட நடல, அதுக்குள்ள எப்படிண்ணே?" என்றால், "நீ யாருக்கு வேலை பாக்கிற?" என்கிறார். பட்டியலில் அந்தத் தெருவை அடித்தது என் கைதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நோட்டீஸ் அடிக்கவில்லை, அந்த மட்டும் ஜெயித்தேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வாக்குப்பதிவு. சாவடி வாசலில் நெட்டை என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

ஏப்ரல் 13, திங்கள்

பதினேழு ஓட்டில் தோற்றோம். பதினேழு! ஒரு மினி பஸ் ஆள்.

அந்தத் தெரு மட்டும் கணக்கு எடுத்தால் நமக்குப் பாதிகூட வந்திருக்காது என்கிறார் அண்ணன். "பாத்தியா? நன்றி கெட்டதுங்க. நீ அலைஞ்ச அலைச்சலுக்கு..." எதற்கு நன்றி என்று கேட்டேன். பன்னிரண்டு வருடம் எட்டிப் பார்க்காததற்கா? பயிற்சியாளர் அடுத்த ஊருக்குப் போய்விட்டாராம். அழுகையாக வந்தது, வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டுக்காரர் கேலி செய்யவில்லை. சாதம் வடித்து வைத்திருந்தார்.

ஏப்ரல் 20, திங்கள்

அண்ணன் போனில்: "நாளைக்கு நீ அங்க போகப்போறதில்லல்ல? ஜெயிச்சவன் பாத்துக்கட்டும்." பேசி முடிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பத்து மணிக்குக் கிடங்குத் தெருமுனையில் நின்றேன். ஆறு பெண்கள், கையில் மனு. நெட்டை என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"தோத்துட்டீங்களே. அப்புறம் எதுக்கு வந்த?"

"வரேன்னு சொன்னேனே."

போக்குவரத்து அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். அதிகாரி, பார்க்கிறேன் என்றார். எப்போது என்று நெட்டை கேட்டாள். எழுதிக் கொடுங்கள் என்று நான் கேட்டேன். ஆறு வாரத்தில் நேரில் வந்து பார்ப்பதாக எழுதி, முத்திரை வைத்து வாங்கிக்கொண்டுதான் எழுந்தோம். நிறுத்தம் வருமோ வராதோ, அது வேறு.

திரும்பி வந்ததும் மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் கடைக்குக் கிளம்பினேன். நெட்டை கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரைப் பாக்காம போறியே."

உள்ளே கூடத்தில், அலமாரிக்குப் பக்கத்தில் அவர் படம். நான் கைகூப்பினேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்று காலை அவருக்கு நெஞ்சு வலித்ததிலிருந்து சொல்லத் தொடங்கினாள். கடைக்கு இன்று வரவில்லை என்று போன் செய்துவிட்டு உட்கார்ந்தேன்.